வெள்ளை நூலும் கத்தரிக்கோலும்

நம் துப்பாக்கிக் கடை முதலாளி என்னிடம் கேட்டது ஒரு பக்கம்தான். பழைய துவக்கு ஒன்று விற்பனைக்கு வந்தால் அதை எப்படிப் பரிசோதிப்பது என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எழுதித் தரச் சொன்னார். எழுதியதைப் பின்னறைச் சுவரில் ஒட்டுவதாகத் திட்டம். அந்தச் சுவரில் ‘தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்க வேண்டாம்’ என்று நான் ஒட்டிய கடதாசி இன்னமும் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் எல்லோரும் கோப்பையை வைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே சுவருக்கு எழுதுவதை விட்டுவிட்டு நேரே உங்களுக்கே எழுதுகிறேன், ஒரு பக்கத்தில் நிற்காது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம். முப்பத்துநான்கு வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து அந்தப் பின்னறையில் துவக்குத் திருத்தியவன் நான். கண்ணை மூடிக்கொண்டு துவக்கை மடக்கி நிமிர்த்தினால் அதன் வயதைச் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன், பந்தயத்துக்கு. பணி ஓய்வு பெற்ற மனிதன் அடக்கமாக எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது எனக்குச் சரிவராது.

நீங்கள் அங்கே அதிகம் கையாளப் போவது பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுக்காரர்களின் துவக்குகளைத்தான். ஒரு குழலுக்கு மேல் இன்னொரு குழல், மொத்தம் இரண்டு. டொலர் ஏறியதிலிருந்து புதுத் துவக்கின் விலையைக் கேட்டாலே வருகிறவர்கள் உட்காரக் கதிரையைத் தேடுகிறார்கள். ஆகவே கை மாறிய துவக்கைத்தான் எல்லோரும் கேட்பார்கள். கேட்கும்போது முதலில் பார்ப்பது அதில் செதுக்கியிருக்கும் பூவையும் பறவையையும். இரண்டாவதாகத் தேடுவது நம் நூலை.

அந்த நூலின் கதையை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் கடையில் பரிசோதித்து முடித்த துவக்கின் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் ஒரு வெள்ளை நூல் கட்டுவது எனக்கு முன் பின்னறையில் இருந்தவர் தொடங்கியது. ‘சோதித்தாயிற்று’ என்று ஒரு கடதாசித் துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அவருக்கு எழுத வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூற்கட்டையைக் கொண்டு வந்தார். பிறகு அதுவே கடையின் பெயராகிவிட்டது. துவக்கு எந்த நாட்டுச் செய்கை என்று கேட்பதற்கு முன்னால் “நூல் இருக்கோ?” என்று கேட்பார்கள். அவர் போன பிறகு நான் கட்டினேன். நான் கட்டிய நூலை அதுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

சம்பவம் நடந்தது நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்பு தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவர், ஆகவே நாங்களும் துரை என்றே சொல்வோம். நம் கடைக்குப் பாதி வாடிக்கையாளர்களை அனுப்பி வைத்தவர் அவர்தான். கண் மங்கிக்கொண்டு வருகிறது, இனிச் சுட முடியாது என்று தன் துவக்கை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெள்ளி போன்ற உடம்பு, இரண்டு பக்கமும் செதுக்கிய பறவைகள், பிடியில் தேன் நிறத்தில் ஓடும் மரக்கோடுகள். பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

அன்று எங்கள் தேவாலயத் திருவிழாவின் கொடியேற்றம். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு நான். ஐந்து மணிக்கு நான் அங்கே இல்லாவிட்டால் பாதிரியார் சத்தம் இல்லாமல்தான் பிரசங்கம் வைக்க வேண்டும். குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. துவக்கை மடக்கினேன், நிமிர்த்தினேன். தொப்பென்று கனமாக, இடுக்கே இல்லாமல் பூட்டிக்கொண்டது. “இதைவிட இறுக்கமான துவக்கு கொழும்பிலயே இல்லை” என்று முதலாளியிடம் சொன்னேன். நூலைக் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அன்று ஒலிபெருக்கி மிக நன்றாக வேலை செய்தது.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். எங்கள் கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான், வெள்ளவத்தையில் ஒரு ஃபார்மசியில் மருந்து கொடுக்கிறாள். தட்டுச் சுடும் கழகத்தில் ஐந்து வருடமாகப் பொதுத் துவக்கால் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் துவக்கு ஆறடி ஆட்களுக்கு அளவெடுத்தது, இவளுக்குத் தோளுக்கு வெளியே நிற்கும். அப்படி இருந்தும் அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுப் போட்டி வரைக்கும் வந்துவிட்டாள். இனிச் சொந்தத் துவக்கு இல்லாமல் மேலே போக முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஸ்கூட்டி வாங்கச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அனுமதிக்காக ஒரு வருடத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, ஒரே ஒரு துவக்குக்கு ஒப்புதல் வாங்கியிருந்தாள்.

அந்த ஒப்புதலின் தவணை அன்று மூன்று மணியோடு முடிகிறது. அதற்குள் விண்ணப்பத்தில் துவக்கின் இலக்கத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏறிய இலக்கம் ஏறியதுதான். பிறகு துவக்கு பிழை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும், தெரிவுப் போட்டி அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

முன்னறையில் துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், விற்பதற்குக் கையெழுத்து வைக்க வந்திருந்தார். முதலாளி விண்ணப்பத்தை விரித்து வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். ஸ்டெல்லா துவக்கைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. செதுக்கிய பறவையைத் தொடக்கூடப் பயந்தாள்.

“அண்ணன், இது நூல் கட்டினதுதானே?”

“பின்ன? எங்கட ஆள் வெள்ளிக்கிழமையே பாத்துக் கட்டிட்டார்” என்றார் முதலாளி, நான் வாயைத் திறப்பதற்குள்.

துவக்கைத் தோளில் வைக்கச் சொன்னேன். அவள் தூக்கினாள், உடனே இறக்கிவிட்டாள். மடிப்பு மூட்டிலிருந்து கிரீஸ் பிதுங்கி விரலில் ஒட்டியிருந்தது. அவள் போட்டிருந்தது ஃபார்மசியின் வெள்ளைக் கோட்.

“குறை நினைக்காதீங்கோ அண்ணன், கொஞ்சம் துடைச்சுத் தாறீங்களா? பின்னேரம் திரும்ப டியூட்டி. கோட்டில பட்டா எங்கட மேடம் ஏசுவா.”

சிரித்துக்கொண்டே பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மண்ணெண்ணெய்யில் துணியை நனைத்து மூட்டைத் துடைத்தேன். கிரீஸ் வந்துகொண்டே இருந்தது. யார் இப்படி அள்ளி அப்பியது என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே துடைத்தபோதுதான் ஞாபகம் வந்தது, அப்பியது நான். முந்திய வருடம் துரை சுத்தம் செய்யக் கொண்டுவந்தபோது, கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க மூட்டு நிறைய அடைத்துக் கொடுத்தவன் நானேதான். வெள்ளவத்தைக்காரர் எல்லோருக்கும் நான் அப்படித்தான் செய்வேன். செய்யச் சொல்லிப் பிரசங்கமும் வைப்பேன்.

துடைத்துவிட்டுத் துவக்கை நிமிர்த்தினேன். வெள்ளிக்கிழமை தொப்பென்று பூட்டியது இப்போது டக் என்றது.

குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குலுக்கினேன். டிக். மறுபடி குலுக்கினேன். டிக். மூட்டு தேய்ந்து குழல் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தது என் கிரீஸ். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன கை, தன் கைவேலையிலேயே ஏமாந்துபோய் நூலும் கட்டியிருக்கிறது.

இப்போது நீங்கள் நினைப்பீர்கள், ஒரு டிக்தானே என்று. எனக்கும் அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு நாள் சுடுகிற ஆள் என்றால் அந்தத் துவக்கு இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். தட்டுச் சுடுகிறவர்கள் ஒரு நாளைக்கு நூறு தோட்டா சுடுவார்கள். ஒரு போட்டிக் காலம் முடிவதற்குள் டிக் என்பது டக்டக் என்றாகும். பிறகு அதைச் சுடுவதே ஆபத்து. திருத்த வேண்டுமென்றால் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இதை வாங்கிய பிறகு அவளிடம் மிஞ்சப்போவது பஸ் காசுதான்.

ஆட்டத்தைக் கண்டவன் நான் ஒருவன் மட்டும். மறுபடி கிரீஸை அடைத்தால் அது யாருக்கும் தெரியாது. வெளியே மூன்று பேர் காத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் கடையின் பெரிய வாடிக்கையாளர், ஒருவர் எனக்குச் சம்பளம் தருகிறவர், மூன்றாவது ஆள் என் நூலை நம்பி வந்த பிள்ளை. அந்த ஒரு நிமிடத்தில் நான் நினைத்ததை எல்லாம் எழுதினால் எனக்கே வெட்கம்.

“என்ன, துடைக்கிறீரோ குளிப்பாட்டுறீரோ?” என்று முன்னறையிலிருந்து முதலாளி கத்தினார்.

வேலை மேசையின் மேல் லாச்சியை இழுத்துத் திறந்து, குழல் துடைக்கும் துணியை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். துவக்கையும் அதையும் கொண்டுபோய் மூன்று பேருக்கும் முன்னால் மேசையில் வைத்தேன். நூலை வெட்டினேன். அது முதலாளியின் விண்ணப்பத்தின் மேல் விழுந்தது.

“என்ன மேன் இது?” என்றார் துரை.

“சேர், வெள்ளிக்கிழமை நான் கட்டினது பிழை. துடைக்காமக் கட்டிட்டன். மூட்டில ஆட்டம் இருக்கு.”

“ஆட்டமோ? இருவது வருஷம் இதாலதான் சுட்டனான். எனக்குக் கேக்காத ஆட்டம் உமக்கு எங்கயிருந்து மேன் கேட்டது?”

துரைக்கு எப்படிக் கேட்கும்? நாற்பது வருடம் காதுக்குப் பக்கத்தில் துவக்கு வெடித்த மனிதர். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு உரக்கக் கதைக்க வேண்டும் என்பது உங்களுக்கு இப்போதே பழகியிருக்கும். “சேர், கையைத் தாங்கோ” என்று அவருடைய உள்ளங்கையை எடுத்து மூட்டின் மேல் வைத்தேன். குலுக்கினேன். முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் குலுக்கினேன். அவர் கண் என் முகத்திலிருந்து துவக்குக்குப் போனது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். பாதித் தேநீர் மிச்சம் இருந்தது.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. “அவர் எத்தினை பேரை இஞ்ச அனுப்பினவர் தெரியுமோ? ஆளுக்கு முன்னால நூலை வெட்டுறீர். இனி உம்மட நூலை ஆர் நம்புவினம்?”

“நானே நம்பாத நூலை மற்றவை நம்பி என்ன செய்ய?” என்றேன். அந்த வயதில் வேறு வேலை தேடிப் போக முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஸ்டெல்லா எங்களைப் பார்க்கவில்லை. இலக்கம் எழுதாத வெறும் கட்டத்தோடு கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணன், அப்ப நான் என்ன செய்றது? மூண்டு மணி எண்டால் மூண்டு மணிதான். அவங்க ஜன்னலைச் சாத்திடுவாங்க.”

மணி ஒன்றே கால் தாண்டியிருந்தது.

துவக்குகளை நிறுத்தி வைக்கும் ராக்கையின் கடைசியில் ஒன்றரை வருடமாக ஒரு துவக்கு நின்றது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் விற்கச் சொல்லி விட்டுப் போனது. பூ இல்லை, பறவை இல்லை, உடம்பு முழுக்கக் கறுப்பு. பிடியில் நீளமாக ஒரு கீறல். தோளில் படும் ரப்பர் கொழும்பு வெக்கைக்கு உருகி, தொட்டால் ஒட்டும். கடையில் அதற்குப் பெயர் கறுப்பி. அதை நான் பரிசோதிக்கவே இல்லை, யாரும் கேட்காததால். இதுவும் என் பிழைதான், எழுதிவிடுகிறேன்.

கறுப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் ஸ்டெல்லாவின் கண் கலங்கியது. “இதா அண்ணன்? மற்றது எவ்வளவு வடிவு.”

“அந்த வடிவு தட்டுக்குத் தெரியாது மகள். இதைத் துடையுங்கோ.”

துணியை அவள் கையிலேயே கொடுத்தேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள் துடைத்தாள், மூட்டில் ஒரு பொட்டுக் கிரீஸ் இல்லாமல். முன்கட்டையைக் கழற்றிக் குலுக்கச் சொன்னேன். குலுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை, கையிலும் ஒன்றும் தட்டவில்லை. மேலே இருக்கும் திறக்கும் லீவர் துவக்கைப் பூட்டியபோது நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகவே நின்றது, இன்னும் நிறையத் தேய மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். குழல்களைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு ஒரு மரக்குச்சியால் தட்டினேன். நீண்ட மணிச் சத்தம் வந்தது. குழல்களை இணைக்கும் பற்று எங்கும் விடுபடவில்லை. முதலாளிகூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

வெற்றுத் தோட்டாவைப் போட்டுப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. கீழ்க் குழலின் தோட்டா வெளியே தெறிக்காமல் சோம்பலாக எட்டிப் பார்த்தது. அதை மறைக்கவில்லை. “இது குறை. ஆனா ஆபத்தில்லாத குறை. இந்தக் கிழமைக்குள்ள நான் திருத்தித் தாறன், கூலி வேணாம்” என்றேன். முதலாளி பெருமூச்சு விட்டார்.

ஒட்டும் ரப்பரைக் கழற்றிவிட்டு மெல்லிய ஒன்றைப் பூட்டினேன். இப்போது நீளம் அவள் கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குத் தூக்கு, வைத்த பிறகு கண்ணைத் திற என்றேன். திறந்தாள். குழலின் நுனியில் இருக்கும் சின்ன வெள்ளை மணி அவள் கண்ணுக்கு நேரே, நட்டநடுவில் நின்றது. ஐந்து வருடம் பொதுத் துவக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளை அது. துவக்கை இறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு நான் நூலைக் கட்டினேன். இலக்கத்தை முதலாளி எழுதினார், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சரிபார்த்து. ஸ்டெல்லா கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டிக்கு ஓடினாள். ஜன்னல் மூடுவதற்கு எட்டு நிமிடம் முன்னால் கொடுத்துவிட்டதாக அழைத்துச் சொன்னாள்.

முதலாளி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் இரண்டு கிலோ மெலிந்தேன். நான்காம் நாள் துரையின் சாரதி வந்து வாசலில் நின்றார். “துரை கேக்கச் சொன்னார், அந்தக் கத்தரிக்கோல்காரர் உள்ளுக்கு இருக்கிறாரோ எண்டு.” காரில் துரை இருந்தார், மடியில் அந்தத் துவக்குப் பெட்டி. “செலவானாலும் பரவாயில்ல, நீரே திருத்தும் மேன். வேற ஒருத்தன்ட கையில குடுக்க மாட்டன்” என்றார். அதன் பிறகு அவர் அனுப்பிய ஆட்கள் யாரும் நூலைக் கேட்கவில்லை. நூலை வெட்டின ஆள் எங்கே என்றுதான் கேட்டார்கள். முதலாளியும் அதை ஒரு விளம்பரம் மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார். இப்போது கேட்டால் வெட்டச் சொன்னதே தான்தான் என்பார், நம்பாதீர்கள்.

ஸ்டெல்லா தெரிவுப் போட்டியில் இருபத்தைந்து தட்டில் இருபத்துமூன்றை உடைத்து அணிக்குள் வந்தாள். அன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கறுப்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விசை வளையத்தில் என் வெள்ளை நூல் இன்னும் இருக்கிறது! உடனே போன் எடுத்து ஏசினேன். விசைக்குப் பக்கத்தில் நூலை வைத்துக்கொண்டு சுடுவதா, சிக்கினால் என்ன ஆகும் என்று கத்தினேன். “சரி அண்ணன், சரி அண்ணன்” என்று சிரித்தாள். நூலை அவிழ்த்துத் துவக்குப் பையின் சிப்பில் கட்டியிருக்கிறாளாம். போனை வைத்த பிறகு நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோசத்தில்தான். முப்பத்துநான்கு வருடத்தில் என் பெருமைக்கு ஒரு நாளைக் காட்டச் சொன்னால் அவள் தட்டு உடைத்த நாளைக் காட்ட மாட்டேன். என் பிழையை நானே மூன்று பேருக்கு முன்னால் வெட்டிப்போட்ட அந்தத் திங்கட்கிழமையைத்தான் காட்டுவேன்.

ஒரு பக்கம் கேட்ட முதலாளிக்காகச் சுருக்கமாகவும் சொல்லிவிடுகிறேன். துடைத்த பிறகுதான் குலுக்க வேண்டும், குலுக்கிய பிறகுதான் கட்ட வேண்டும். வாங்குகிறவர் கையாலேயே குலுக்கச் சொல்லுங்கள். துவக்கை அளக்க எடுக்கும் நேரத்தில் பாதியையாவது அதைத் தோளில் வைக்கப் போகிற ஆளை அளக்க எடுங்கள். திருவிழா இருக்கிற நாளில் எந்தத் துவக்கையும் தொடாதீர்கள்.

நூற்கட்டை கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. முடிந்துபோனால் புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் வாங்கலாம். கத்தரிக்கோல் மேல் லாச்சியில், வலப்பக்கம், நான் வைத்த இடத்தில் இருக்கிறது. அதைத் தேயிலைப் பாக்கெட் வெட்ட எடுத்தாலும் பரவாயில்லை, திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள்.